ஒல்லாந்தர் நாட்டுச் சிவந்த பாதை

கொழும்புப் புறக்கோட்டையில் மலிபன் வீதி என்றொரு வீதி உண்டு. மூட்டை சுமப்போரும் கைவண்டி தள்ளுவோரும் மொத்த வியாபாரிகளும் நெருக்கியடிக்கும் அவ்வீதியிற் பன்முறை நடந்திருக்கிறோம். அப்பெயர் எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் சிந்தித்ததில்லை. பிஸ்கற்றுப் பெட்டியின் மேலே அதைக் கண்டு பழகியவர்களே நம்முள் மிகுதி. சென்ற வைகாசியில் நெதர்லாந்து நாட்டிலுள்ள உத்ரெக்ட் நகரத்தில், மரவரிசைகள் நிழல் பரப்பிய நெடிய வீதியொன்றின் முனையில் நின்று அதன் பெயர்ப்பலகையை வாசித்தோம். ‘மாலிபான்’ என்றிருந்தது. கந்தோர், லாச்சி முதலிய சொற்களை நம் நாவில் விட்டுச் சென்ற ஒல்லாந்தர், தம் ஊர் வீதியின் பெயரையும் புறக்கோட்டையில் நட்டுச் சென்றிருந்தனர் என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று.

மாலி என்பது மரச் சம்மட்டியால் பந்தை அடித்தோட்டும் ஒரு பழைய ஆட்டம். அதற்கென்று நீண்டு நேரான நிலம் வேண்டும். உத்ரெக்ட் மாலிபான் 1637ஆம் ஆண்டில் அவ்வாட்டத்துக்காக அமைக்கப்பட்டது. ஆட்டம் மறைந்த பின்னரும் நிலமும் மரங்களும் எஞ்சின. ஆயினும் நாம் அவ்விடத்தைத் தேடிச் சென்றது பிறிதொரு காரணம் பற்றியாகும். அந்நாட்டின் முதலாவது துவிச்சக்கர வண்டிப் பாதை 1885ஆம் ஆண்டில் அமைந்தது அம்மாலிபானிலேதான். அக்காலத்திற் சைக்கிள் செல்வர்களின் விளையாட்டுப் பொருள்; அவர்கள் குதிரை வண்டிகளின் இடைஞ்சலின்றி ஓடி மகிழ்வதற்கென அப்பாதை எழுந்தது. இன்று அப்பாதையிற் செல்வோர் மாணவர், தாதியர், தச்சர், பாட்டிமார், முன்கூடையிற் குழந்தையை ஏற்றிய தாய்மார்.

எமக்கு வழிகாட்ட வந்தவள் 11 வயதுச் சிறுமி. எமது ஒன்றுவிட்ட தம்பியின் மகள் அவள். தம்பி நெடுங்காலமாய் உத்ரெக்ட்டின் தெற்கே ஹௌட்டன் என்னும் புறநகரில் வாழ்கிறான். காலையிற் புகையிரதத்தில் நகரத்துக்கு வந்த நாம், மாலையில் வாடகைச் சைக்கிளில் அவர்கள் வீட்டுக்குத் திரும்புவது என்பது ஏற்பாடு. எட்டு ஒன்பது கிலோமீற்றர் தூரம். தந்தை பின்னே வர, மகள் முன்னே செல்ல, நடுவில் நாமும் எமது இல்லாளும். நாங்கள் இருவரும் சைக்கிள் ஏறிப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிறது. பெருவீதியை அடைந்ததும் எமது கைகள் தாமாகவே தடையை இறுகப் பற்றின. சிறுமி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

“பயப்பிடாதேங்கோ பெரியப்பா. இதுக்குள்ள கார் வராது.”

எமது வீட்டிலும் இதே வயதில் ஒருத்தி இருக்கிறாள். சைக்கிளிற் பாடசாலைக்குச் செல்ல ஓராண்டாக எம்மைக் கேட்டுவருகிறாள். நாம் இன்னும் இசையவில்லை. ஆகவே அச்சிறுமி சாதாரணமாகக் கூறிய அச்சொல் எம் நெஞ்சிற் சென்று தைத்தது.

பாதை அமைந்த விதம்

பழைய நகரத்தின் ஒடுங்கிய தெருக்களைக் கடந்து புறநகர் வீதியை அடைந்தோம். அங்கே கண்ட ஒழுங்கை வாசகர்களுக்குச் சற்று விரிவாகக் கூறல் வேண்டும். நடுவில் மோட்டார் வண்டிகள் செல்லும் வீதி. அதன் ஓரத்திற் கல்வரம்பு. வரம்புக்கு அப்பால் புல்லும் மரமும் வளர்ந்த ஓர் இடைநிலம். அதற்கப்பால் செந்நிறத் தார் இட்ட சைக்கிள் பாதை. அதற்கும் அப்பால், சற்று உயர்ந்து, நடைபாதை. வீதியின் மறுகரையிலும் இவ்வாறே. ஒருவழிப் பாதையாயின் இரண்டு மீற்றரும் அதற்கு மேலும் அகலம் வைக்கின்றனர். இருவர் பேசிக்கொண்டு அருகருகே செல்லலாம். எதிரெதிராகச் செல்லும் பாதையாயின் மூன்றரை மீற்றர் வரை வேண்டும் என்பது அவர்களின் கணக்கு.

எல்லா வீதிகளிலும் இவ்வாறு பிரித்து வைப்பதில்லை என்பதையும் கவனித்தோம். குடியிருப்புத் தெருக்களில் மோட்டார் வண்டிகளின் வேகம் மணிக்கு 30 கிலோமீற்றருக்குள் அடக்கப்பட்டுள்ளது. அங்கே சைக்கிளும் காரும் ஒரே தெருவிற் செல்கின்றன. வேகம் 50 கிலோமீற்றராகும் வீதிகளிலேதான் பாதை பிரிகிறது. இதன் காரணத்தைப் பெளதிகம் படிக்கும் மாணவர்கள் எளிதில் உணர்வர். இயங்கும் பொருளின் சக்தி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். 30இல் வரும் காரினும் 50இல் வரும் கார் ஏறத்தாழ மூன்று மடங்கு சக்தியோடு மோதும். அத்தகைய மோதலைத் தாங்கும் உடம்பு மனிதனுக்கு இல்லை. வெள்ளைக் கோடு ஒன்றைத் தாரின் மேல் வரைந்து, இதற்கு இப்பால் நீ செல், அப்பால் நான் செல்வேன் என்று கூறுவதில் அங்கே பெரிதும் நம்பிக்கை வைப்பதில்லை. கோடு பஸ்ஸை நிறுத்தாது, கல்வரம்பு நிறுத்தும்.

ஆயினும் பாதையின் மெய்யான சோதனை சந்திகளிலேதான். நேர்வீதியிற் பிரித்து வைத்துவிட்டுச் சந்தியிற் கைவிடுவது, ஆற்றின் நடுவரை தோணியில் ஏற்றிச் சென்று அங்கே இறக்கிவிடுவதை ஒக்கும். சிறு தெருவொன்று வந்து பெருவீதியிற் சேரும் இடங்களில், சைக்கிள் பாதையும் நடைபாதையும் தம் உயரம் குன்றாமலே தொடர்ந்து செல்கின்றன. தெருவுக்குட் புகும் கார்தான் ஒரு சிறு மேட்டில் ஏறி, அப்பாதையைக் கடந்து, மீண்டும் இறங்க வேண்டும். ஏறும்போது வேகம் தானே தணிகிறது. வேறு சந்திகளிற் சைக்கிள் பாதை பெருவீதியை விட்டு ஒரு காரின் நீள அளவுக்கு விலகி வளைகிறது. திரும்பும் கார் அவ்விடைவெளியில் நின்று, சைக்கிளில் வருவோரை நேருக்கு நேர் பார்த்து, வழிவிட்டுச் செல்லும். பின்னால் வரும் வண்டிகளும் மறிபடுவதில்லை. வழிவிட வேண்டியவர் எவர் என்பதைத் தரையில் வரைந்த வெண்ணிற முக்கோணங்கள் காட்டுகின்றன. அவற்றைச் சுறாவின் பற்கள் என்று அந்நாட்டார் அழைக்கின்றனர். பற்கள் எவரை நோக்கி நிற்கின்றனவோ அவர் பொறுக்க வேண்டும். இதனை எமக்கு விளக்கியவளும் அச்சிறுமியே. அந்நாட்டு ஆரம்பப் பாடசாலைகளில் இவற்றையெல்லாம் கற்பித்து, எழுத்திலும் வீதியிலுமாகப் பரீட்சை வைக்கின்றனர். அவள் அதிற் சித்தியெய்தியவள். நாம் எந்நாளும் அப்படியொரு பரீட்சைக்குத் தோற்றாதவர்.

சட்டமும் பாதைக்குத் துணை நிற்கிறது. காரும் சைக்கிளும் மோதினால், காரின் பக்கத்தாரே பெரும்பாலும் நட்டத்துக்குப் பொறுப்பாளிகள். பாதிக்கப்பட்டவர் 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையாயின், வேண்டுமென்றே செய்ததாகவோ அதையொத்த துணிவாகவோ இருந்தாலன்றி, நட்டம் முழுவதையும் ஈடுசெய்தல் வேண்டும். குழந்தை பிழை விடும் என்பதை ஏற்றுக்கொண்டு, அப்பிழைக்கு உயிரை விலையாகக் கேட்கலாகாது என்று அச்சட்டம் கருதுகிறது.

ஒரு தந்தை எழுதியது

வழியில் இளைப்பாறிய இடத்திற் தம்பியிடம், “ஒல்லாந்தர் பிறவியிலேயே சைக்கிளோட்டிகள் போலும்” என்றோம். அவன் தலையசைத்து மறுத்தான். அந்நாட்டில் முன்னர் சைக்கிள் மிகுதியாய் இருந்தது உண்மை, நிலமும் சமதரை. ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பின் செல்வம் பெருகவே கார்களும் பெருகின. 1950களிலும் 1960களிலும் வீடுகளை இடித்து வீதிகளை அகலமாக்கினர். சைக்கிளோட்டிகள் ஆண்டுதோறும் குறைந்தனர். உத்ரெக்ட்டிலே பழைய நகரைச் சூழ்ந்தோடிய அகழியின் ஒரு பகுதியை நிரவி, அதன் மேல் மோட்டார் பெருவீதி அமைத்தனர். இவ்வளவும் நடந்தது பாதைகளால் இன்று பெயர்பெற்ற அதே நாட்டில்.

1971ஆம் ஆண்டில் அந்நாட்டு வீதிகளில் இறந்தோர் 3,000க்கும் மேற்பட்டோர். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். அக்குழந்தைகளுள் ஒருத்தி, விக் லாங்கன்ஹோவ் என்னும் பத்திரிகையாளரின் மகள். பாடசாலைக்குச் சென்றவள் வீடு திரும்பவில்லை. 1972இல் அத்தந்தை தம் பத்திரிகையாகிய ‘டெ தைட்’டில் ஒரு கட்டுரை எழுதினார். ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்பது அதன் தலைப்பு. விபத்து என்று ஊரார் சொல்லிப் பழகியதை அவர் கொலை என்று எழுதினார். அத்தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. பெற்றோர்கள் குழந்தைகளோடு தெருக்களை மறித்து விளையாடினர். சைக்கிள் ஊர்வலம் சென்றனர். பிரதமரின் வீட்டு வாயிலுக்கும் போயினர். அவ்வியக்கத்தின் முதல் தலைவியான மார்த்யே வான் பூற்றன் பிற்காலத்தில் ஐரோப்பியப் பாராளுமன்றத்தில் உறுப்பினராக வீற்றிருந்தார்.

1973இல் மத்திய கிழக்கிலிருந்து வந்த எண்ணெய் தடைப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 4ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முதலாக, ஞாயிறுகளிற் கார் ஓட்டலாகாது என அரசு ஆணையிட்டது. வெறுமையாய்க் கிடந்த பெருவீதிகளிற் குழந்தைகள் சறுக்கி விளையாடினர். மக்கள் குடும்பத்தோடு சைக்கிளில் உலாவினர். இழந்தது இன்னது என்பதை அன்று அவர்கள் கண்ணாற் கண்டனர். 1975இற் சைக்கிளோட்டிகளின் சங்கமொன்று தோன்றியது. உத்ரெக்ட்டில் நிரவப்பட்ட அகழியையும் மீண்டும் தோண்டி, 2020ஆம் ஆண்டில் முழுவதும் நீர் பாய்ச்சினர். முன்பு கார்கள் விரைந்த இடத்தில் இன்று தோணிகள் செல்வதை அன்று காலையில் நாம் கண்டிருந்தோம்.

ஒரு பாதை போதாது

முதன்முதலிற் செய்தவற்றிலெல்லாம் அவர்கள் வெற்றி பெற்றாரல்லர். 1970களின் நடுவில் ஹேக் நகரத்திலும் தில்பர்க் நகரத்திலும் அரசின் பொருளுதவியோடு நகரத்தை ஊடறுத்துச் செல்லும் ஒவ்வொரு சிறந்த பாதையை அமைத்தனர். ஹேக்கிற் கடைக்காரர் கடுமையாக எதிர்த்தனர். காரில் வருவோர் வராவிடின் வியாபாரம் கெடும் என்பது அவர்களின் அச்சம். பாதை அமைந்த பின் ஆராய்ந்து பார்த்தபொழுது, அதிற் செல்வோர் அங்கே மகிழ்ந்தனர். ஆனால் நகரத்திற் சைக்கிளோட்டிகளின் தொகை எதிர்பார்த்தபடி உயரவில்லை. பக்கத்துத் தெருக்களிற் சென்றவர்கள் புதிய பாதைக்கு மாறினர், அவ்வளவே.

காரணம் எளிது. வீட்டிலிருந்து பாதை வரையும், பாதையிலிருந்து பாடசாலை வரையும் பழைய ஆபத்தே இருந்தது. தன் மகளை அனுப்பலாமா என்று எண்ணும் தாய், வழியின் நல்ல பகுதியை வைத்து முடிவு செய்வதில்லை. மிகக் கெட்ட சந்தியை வைத்தே முடிவு செய்கிறாள். பின்னர் டெல்ஃப்ற் நகரத்தில் வேறு விதமாய் முயன்றனர். விடுபட்ட இணைப்புக்களைத் தேடி, இங்கொரு சுரங்கவழி, அங்கொரு பாலம் என அமைத்து, நகரம் முழுவதையும் வலைபோற் பின்னினர். பெரிய நகரவழி, பேட்டைவழி, தெருவழி என மூவகைக் கண்ணிகள். அதன் பயன் தெளிவாய்த் தெரிந்தது.

இவ்வேலைகளுக்கெல்லாம் பெரும் பொருள் வேண்டுமே என்று கேட்டோம். வேண்டும்தான். ஆனால் வீதியை அதற்கென்றே உடைப்பது குறைவு. கழிவுநீர்க் குழாய் மாற்றவோ, தேய்ந்த தாரைப் புதுப்பிக்கவோ வீதியைத் தோண்டும் காலம் வரும்பொழுது, மூடும்போது புதிய அமைப்பில் மூடிவிடுகின்றனர். ஐம்பது ஆண்டுகளாக இவ்வாறு ஒவ்வொரு வீதியாய் மாறி வந்துள்ளது.

நடுவிற் சைக்கிள், சுற்றிற் கார்

விரைவுப் பெருவீதியை அதன் வண்டிகளைச் சந்தியாமலே தனிவழியாற் கடந்து, வயல்வெளியும் கால்வாய்களும் சூழ்ந்த பாதையிற் சென்று ஹௌட்டனை அடைந்தோம். 1960களில் அது சில ஆயிரம் பேர் வாழ்ந்த கிராமம். உத்ரெக்ட்டிற் பெருகும் சனத்தொகையை ஏற்க அரசு அதைத் தெரிந்தெடுத்தது. அதன் அமைப்பை வகுத்தவர் றொப் டெர்க்ஸ் என்னும் சிற்பி. இன்று அங்கே ஏறத்தாழ 50,000 பேர் வாழ்கின்றனர்.

டெர்க்ஸ் செய்தது இதுதான். ஊரைச் சுற்றி ஒரு வட்டவீதி அமைத்தார். காரில் ஒரு பேட்டையிலிருந்து மற்றொரு பேட்டைக்குச் செல்ல விரும்புபவர், வட்டவீதிக்கு வந்து, சுற்றிச் சென்று, மீண்டும் உள்ளே நுழைய வேண்டும். நடந்தோ சைக்கிளிலோ செல்பவருக்கு நேர்வழி ஊரின் நடுவால் உண்டு. பாடசாலைகள் அந்நேர்வழியை அடுத்தே அமைந்தன. காரை எவரும் தடைசெய்யவில்லை. தம்பியின் வாசலிலும் ஒரு கார் நிற்கிறது. ஆனால் பாண் வாங்கவும் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பவும் அதனை எடுப்பதில் ஒரு சுகமும் இல்லை என்றான். ஊரின் நடுவே புகையிரத நிலையம். தண்டவாளத்தின் கீழே 3,000க்கும் மேற்பட்ட சைக்கிள்களை நிறுத்தும் பெருங்கூடம். பிற்காலத்தில் ஊர் தெற்கே வளரவே, இரண்டாவது வட்டமும் சேர்ந்து இப்போது எட்டுப் போன்ற வடிவம் பெற்றுள்ளது.

குறை இல்லாத ஊர் என்று எழுதினால் அது பொய்யாகும். வெறுஞ் சமதரையில் வீசும் எதிர்க்காற்று எம் முழங்கால்களைச் சோதித்தது. மின்சார சைக்கிள்கள் பெருகியதால், ஒரே பாதையில் மெல்லச் செல்வோரும் விரைவோரும் கலந்து சங்கடப்படுகின்றனர். 2022ஆம் ஆண்டில் நெதர்லாந்து வீதிகளில் இறந்தோர் 740 பேர் வரையில். அவர்களிற் சைக்கிளிற் சென்றோர் 290 பேர் வரையில். முதியோரே அவர்களுள் மிகுதி. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இருந்த சாவுத் தொகையோடு ஒப்பிட்டால் குறைவு எவ்வளவு என்பது விளங்கும். வேலை முடியவில்லை என்பதும் விளங்கும்.

மறுநாட் காலை எட்டு மணிக்குத் தம்பி வீட்டு வாசலில் நின்றோம். பாதையிற் குழந்தைகள் வெள்ளமாய்ப் போயினர். எட்டு வயதினர், ஒன்பது வயதினர், சிலர் தனியே, சிலர் பாடியபடி. தம்பியின் மனைவி தேநீர்க் கோப்பையைக் கையில் ஏந்தியபடி மகளுக்கு “போட்டு வா” என்றாள். சொல்லிவிட்டு உள்ளே சென்றாள். வாசலில் நின்று, மகள் மறையும்வரை பார்க்கவில்லை. எமது இல்லாள் அதைக் கவனித்தாள். எம்மிடம் ஒன்றும் கூறவில்லை.

எமது படலையடி

யாழ்ப்பாணத்தாருக்குச் சைக்கிளின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1990களிற் பெற்றோல் இன்றி ஊர் தவித்தபொழுது, நோயாளியை வைத்தியசாலைக்கும், விறகை அடுப்படிக்கும், மணமகனைக் கோயிலுக்கும் கொண்டு சென்றது அதுவே. காலைவேளையில் வெள்ளுடை மாணவிகள் வரிசையாய்ச் சைக்கிளிற் செல்லும் காட்சி இன்னும் மறையவில்லை. ஆயினும் போருக்குப் பின் வீதிகள் செம்மையாயின, தார் வழுவழுப்பாயிற்று, வேகம் கூடியது. அகன்ற தாரின் ஓரத்தில், வடிகாலுக்கும் மினிபஸ்ஸுக்கும் நடுவே, எம் பிள்ளைகள் செல்கின்றனர். ஒல்லாந்தர் 1960களில் நின்ற இடம் அது.

ஊர் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை, எமது ஒழுங்கை முகப்பிலிருந்து மகளின் பாடசாலை வாசல் வரை அளவுநாடாவோடு நடந்தோம். மகளும் நாடாவின் மறுமுனையைப் பிடித்து வந்தாள். தாருக்கும் மதிலுக்கும் இடையே பல இடங்களில் ஒரு பாதைக்குப் போதிய நிலம் இருந்தது. சில இடங்களில் மின்கம்பம் நின்றது. ஒரு மதகடியில் இடமே இல்லை. அவள் எல்லாவற்றையும் தன் அப்பியாசக் கொப்பியிற் குறித்தாள். அதைப் படமாய் வரைந்து, அயலிலுள்ள பெற்றோர் சிலருடன் கூடி, வீதியை அடுத்த முறை திருத்தும்போது கவனிக்குமாறு ஒரு மனு எழுதியுள்ளோம். இதுவரை கையொப்பம் இட்டவர் 23 பேர்.

ஒரு பாதை போதாது என்பதை அறிவோம். மாலிபானும் தொடக்கத்தில் ஒரே ஒரு பாதையாகத்தான் இருந்தது. அதுவரை மகள் ஒழுங்கைகளினூடாகச் சைக்கிளிற் செல்வதென்றும், மதகடியில் நாம் இறங்கி அவளோடு நடப்பதென்றும் வீட்டில் முடிவு செய்திருக்கிறோம். நேற்று முதல் நாள். அவள் பாடசாலைக்குள் நுழைந்த பின்னரும் எமது இல்லாள் படலையடியில் நின்றுகொண்டே இருந்தாள்.